ஆடலிசையும் மின்பொறியும்

ஆடுவோனுக்கு முதலில் வேண்டுவது தாளம். பாட்டின் பொருள் விளங்காதவிடத்தும், பண்ணின் பெயர் தெரியாதவிடத்தும், அடி எடுத்து வைப்பதற்குரிய காலக்கணக்கு ஒன்று செவியிற் படுமாயின் கால் தானே அசையும். அதனாலேதான் எந்நாட்டிலும் தோற்கருவி ஆடலின் முதற்கருவியாய் அமைந்தது. கோயில் முன்றிலில் முழங்கும் தவிலும், கூத்துக் களரியில் ஒலிக்கும் மத்தளமும், ஆபிரிக்கச் சிற்றூர்களில் அதிரும் முரசமும் செய்யும் தொழில் ஒன்றே. இருபதாம் நூற்றாண்டின் கடைக்கூற்றில் இத்தொழிலை மின்சாரம் ஏற்றுக்கொண்டது. தோலும் கோலும் இன்றி மின்னோட்டத்தினாற் பிறக்கும் முழக்கத்திற்குக் கோடிக்கணக்கான இளைஞர் ஆடத் தொடங்கினர். மின்னியல் ஆடலிசை என்று சொல்லப்படுவது இதுவே.

இவ்விசையைப் பற்றிப் பெரியோரிடையே இரண்டு எண்ணங்கள் நிலவுகின்றன. இயந்திரம் எழுப்பும் வெற்றிரைச்சல் என்பது ஒன்று. செல்வம் மிக்க மேனாட்டு இளைஞர் பொழுதுபோக்குக்காகக் கண்டெடுத்த புதுமை என்பது மற்றொன்று. இவ்விரு எண்ணங்களும் எவ்வளவு பொருந்தும் என்று அறிய வேண்டுமாயின், இவ்விசை பிறந்த இடங்களையும், அதனைப் பேணி வளர்த்தவர்களையும் அறிதல் வேண்டும்.

மின்னியல் ஆடலிசைக்குத் தாயாய் நின்றது டிஸ்கோ. டிஸ்கோதெக் என்பது பிரெஞ்சுச் சொல். நூல்களைச் சேர்த்து வைக்குமிடம் நூலகம் ஆவது போல, இசைத்தட்டுகளைச் சேர்த்து வைக்குமிடம் டிஸ்கோதெக். வாத்தியக் குழு இன்றி, இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு ஆடும் மண்டபத்திற்கு அது பின்னர் பெயராயிற்று. அத்தகைய ஆட்டத்திற்குரிய இசையும் அப்பெயரின் குறுக்கமாகிய டிஸ்கோ என்பதையே தாங்கி நின்றது.

1970ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள், நியூயோர்க் நகரத்து புறோட்வே வீதியில் 647ஆம் இலக்கக் கட்டடத்திலே, டேவிட் மன்கூசோ என்னும் இளைஞர் தாம் குடியிருந்த மாடியில் நண்பர்களை அழைத்து ஓர் ஆடல் விருந்து நடத்தினார். அங்கு மது விற்கப்படவில்லை. அழைப்புப் பெற்றவர்களே வரலாம். வந்தவர்களுள் கறுப்பினத்தவர், ஸ்பானிய மொழி பேசுவோர், தன்பாலீர்ப்பினர் ஆகியோர் பலராயிருந்தனர். நகரின் பெருமைமிக்க மண்டபங்களில் இவர்களுக்கு வரவேற்பில்லை. ஆணும் ஆணும் இணைந்து ஆடினாற் காவற்றுறையினர் புகுந்து இடர் செய்வர் என்ற அச்சமும் அக்காலத்தில் இருந்தது. அச்சமின்றி ஆடுதற்கு ஒரு வீடு வேண்டும் என்பதே இவர்களது வேட்கை. மன்கூசோ அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். அங்கிருந்த கன்னியாஸ்திரி ஒருவர், சிறுவர்களைக் கூட்டி வைத்து, பலூன்களைத் தொங்கவிட்டு, இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்து மகிழ்வித்த நினைவு அவர் உள்ளத்தில் நிலைத்திருந்தது. அவர் நடத்திய விருந்துகளிலும் பலூன்கள் தொங்கின. ‘லொவ்ற்’ என்று பெயர் பெற்ற அம்மாடியைப் பின்பற்றியே பிற மண்டபங்கள் பல எழுந்தன.

ஆடுவோர் கேட்டது நீண்ட இசை. கடைகளிற் கிடைத்த சிறிய இசைத்தட்டோ மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஆட்டம் சூடேறும் வேளையிற் பாட்டு நின்றுவிட, ஆடுவோர் தளர்ந்து களத்தை விட்டு நீங்குவர். இதனைக் கண்ட ரொம் மோல்ற்றன் என்பவர், ஒலிநாடாவை வெட்டியும் ஒட்டியும் பாட்டுகளை நீட்டித் தரும் தொழிலைத் தொடங்கினார். ஒருநாள் அவர் நாடாவைத் தட்டில் வெட்டக் கொடுத்தபோது, ஏழு அங்குல வெறுந்தட்டு கைவசம் இல்லாமையால், கலையகத்தார் பெரிய தட்டிலே வெட்டிக் கொடுத்தனர். பெரிய தட்டில் ஒலிச்சால்கள் நெருக்கமின்றி அகன்று ஓடின. அதனால் ஒலி உரத்தது, தாழ்ந்த சுருதியும் ஆழமாக ஒலித்தது. பொருட்குறையினால் நேர்ந்த இத்தற்செயல், பன்னிரண்டு அங்குல ஆடல் இசைத்தட்டுக்கு வழிகோலிற்று. 1976இல் அவ்வகைத் தட்டு கடைகளில் விற்பனைக்கு வந்தது.

இசைத்தட்டுகளைச் சுழலவிடுவோரும் வெறும் பணியாளராய் இருக்கவில்லை. இரண்டு சுழற்பொறிகளை அருகருகே வைத்து, ஒன்றில் ஓடும் பாட்டின் தாளத்தோடு மற்றதன் தாளத்தை இசைவித்து, ஆட்டம் இடையறாமல் ஒரு பாட்டிலிருந்து மறுபாட்டுக்குச் செல்லும் வித்தையை அவர்கள் வளர்த்தனர். டி.ஜே. எனப்படும் இவர், பிறர் செய்த பாட்டுகளைப் பூவாகக் கொண்டு மாலை தொடுப்பவர் என்று கொள்ளலாம். மாலையின் அழகு பூவிலும் உண்டு, தொடுத்த கையிலும் உண்டு.

டிஸ்கோத் தாளத்தின் அமைப்பு எளிது. நமது சதுச்ர நடையைப் போல நான்கு எண்ணிக்கை கொண்டது. நான்கிலும் பெருமுரசு ஒரே வலிவுடன் விழும். நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 அடி. இதற்கு நல்ல வடிவம் கொடுத்தவர்களுள் பிலடெல்பியா நகரத்து முரசுக் கலைஞர் ஏர்ள் யங் முன்னிற்பவர். 1973இல் அவர் வாசித்த பாட்டுகளில் இவ்வடி தெளிவாய்க் கேட்கும். ஆயினும் அக்காலத்து டிஸ்கோ மனிதர் கையாலும் காலாலும் வாசித்ததே. வயலின் குழுவும், ஊதுகருவிகளும், கிற்றாரும் அதிற் சேர்ந்து ஒலித்தன. மின்பொறி அதனுட் புகுந்தது அமெரிக்காவிலன்று, ஜேர்மனியிலே.

ஜோர்ஜியோ மொறொடர் 1940இல் வட இத்தாலியின் மலைநாட்டிற் பிறந்தவர். மூனிச் நகரிற் குடியேறி இசைத்தட்டுத் தொழில் நடத்தினார். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்துப் பாடகியாகிய டோனா சமர், 1968இல் ஓர் இசை நாடகத்தில் நடிப்பதற்காக அதே மூனிச் நகருக்கு வந்திருந்தார். மொறொடரும் அவரது துணைவர் பீற் பெலொற்றும் இப்பாடகியைக் கொண்டு பல பாட்டுகளைச் செய்தனர். 1977இல் அவர்கள் ஓர் இசைத்தட்டைத் திட்டமிட்டனர். சென்ற காலத்தின் வெவ்வேறு இசைப்பாணிகளை அதன் பாட்டுகள் நினைவூட்டும். இறுதியாக வரும் பாட்டோ எதிர்காலத்தைக் காட்ட வேண்டும். எதிர்காலத்தை எவ்வாறு ஒலிப்பது? மனிதர் வாசிக்கும் கருவிகளை விட்டு, ஒலித்தொகுப்பியைக் கொண்டே அதனைச் செய்வது என்று மொறொடர் துணிந்தார்.

சிந்தசைசர் என்று வழங்கும் ஒலித்தொகுப்பி, மின் அலைகளைப் பிறப்பித்து அவற்றை வேண்டியவாறு வடித்து ஒலியாக்கும் கருவி. அமெரிக்கரான றொபேட் மூக் 1964இல் அதன் புகழ்பெற்ற வடிவத்தை வெளியிட்டார். மொறொடர் கையாண்ட கருவி ஓர் அலுமாரியளவு பெரியது. எபர்ஹாட் ஷோனர் என்னும் இசையமைப்பாளருக்கு உரியது. அதனை இயக்கத் தெரிந்தவர் றொபி வேடல் என்னும் பொறியியலாளர். ஒலிநாடாவிற் பதிந்த ஒரு குறியைக் கொண்டு, பின்னர் பதியும் ஒவ்வொரு பகுதியையும் முன்னதோடு நூலிழையும் பிசகாமல் இணைக்கும் வழியை அவரே காட்டினார். கருவி சிறிது நேரத்திற் சுருதி கலைந்துவிடும். ஆதலால் அரை நிமிடம் பதிவதும், நிறுத்திச் சுருதி சேர்ப்பதும், மீண்டும் பதிவதுமாய் வேலை நடந்தது. தாழ்ந்த சுருதியின் ஒவ்வொரு ஒலியையும் ஒரு பக்கத்து ஒலிபெருக்கியில் விட்டு, அதன் எதிரொலியை மறுபக்கத்தில் விட்டனர். அதனால் இசை இருபுறமும் துடித்து ஓடுவது போன்ற தோற்றம் பிறந்தது.

‘ஐ ஃபீல் லவ்’ என்னும் அப்பாட்டில் ஏறக்குறைய யாவும் இயந்திரத்தின் ஒலி. எனினும் இரண்டு இடங்களில் மனிதர் தேவைப்பட்டனர். பெருமுரசின் அடிக்கு வேண்டிய உறைப்பைக் கருவியாற் பிறப்பிக்க முடியாமையால், கீத் போர்சி என்னும் கலைஞர் அதனைத் தம் காலால் வாசித்தார். மற்றது டோனா சமரின் குரல். அசையாத இயந்திர ஓட்டத்தின் மீது மிதக்கும் மெல்லிய பெண்குரலே அப்பாட்டின் உயிர். 1977 ஜூலையில் அது இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அப்போது பேர்ளினிற் பணியாற்றிய பிரையன் ஈனோ என்னும் இசைஞர் இத்தட்டை ஏந்தியவாறு ஓடிவந்து, எதிர்காலத்தின் ஒலியைக் கேட்டேன் என்று சொன்னதாகப் பாடகர் டேவிட் போவி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அக்கூற்றுப் பொய்க்கவில்லை.

அதே ஆண்டின் இறுதியில் ‘சற்றர்டே நைற் ஃபீவர்’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. டிஸ்கோ உலகப் பைத்தியமாயிற்று. ஒதுக்கப்பட்டோர் தமக்கென அமைத்துக்கொண்ட இசை, வணிகரின் சரக்காயிற்று. வானொலி நிலையங்கள் பல பிற இசையைக் கைவிட்டு டிஸ்கோவையே நாள் முழுதும் ஒலித்தன. அளவுக்கு மிஞ்சிய எதுவும் வெறுப்பைப் பிறப்பிக்கும். அவ்வெறுப்பு வெளிப்பட்ட நாள் 1979 ஜூலை 12.

சிக்காகோ நகரின் கொமிஸ்கி விளையாட்டரங்கில் அன்று இரண்டு பேஸ்போல் ஆட்டங்கள் நடைபெறவிருந்தன. டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டு வருவோர் 98 சதம் கொடுத்து உள்ளே வரலாம் என்று அறிவிக்கப்பட்டது. ரொக் இசை ஒலிபரப்பாளராகிய ஸ்ரீவ் டால் என்பவர், சேர்ந்த தட்டுகளை மைதான நடுவில் வெடிவைத்துத் தகர்ப்பார் என்பது ஏற்பாடு. அவர் முன்னர் பணியாற்றிய நிலையம் டிஸ்கோவுக்கு மாறியதனால் வேலையை இழந்தவர். ஏறத்தாழ 50,000 பேர் திரண்டனர். வெடி வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் மைதானத்திற் குதித்துத் தீமூட்டி, தரையைக் கிளறிப் பாழ்படுத்தினர். இரண்டாம் ஆட்டம் நடைபெறவில்லை. 39 பேர் கைது செய்யப்பட்டனர்.

அவ்வரங்கில் அன்று, வருவோருக்கு இருக்கை காட்டும் பணியில் வின்ஸ் லோறன்ஸ் என்னும் கறுப்பினச் சிறுவன் இருந்தான். ஒலித்தொகுப்பி ஒன்று வாங்குவதற்குப் பணம் சேர்ப்பதே அவன் நோக்கம். வாயிலிற் குவிந்த தட்டுகளை அவன் நோக்கினான். டிஸ்கோவோடு யாதொரு தொடர்பும் இல்லாத கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளும் அக்குவியலிற் கிடந்தன. எரிக்கப்படுவது ஓர் இசைப்பாணி மட்டுமன்று என்பது அச்சிறுவனுக்கு அப்போதே விளங்கிற்று. இனவெறுப்பு எதுவும் தம் உள்ளத்தில் இருக்கவில்லை என்று ஸ்ரீவ் டால் கூறிவந்துள்ளார். அது மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும், கூட்டம் ஒன்றைத் திரட்டித் தீயைக் கையிற் கொடுத்தவன், அத்தீ எதனைத் தீண்டும் என்பதைத் தானே வரையறுக்க இயலாது.

இந்நிகழ்ச்சிக்குப் பின் டிஸ்கோ என்ற பெயரை உச்சரிக்கவே இசைத்தட்டு நிறுவனங்கள் கூசின. கிரம்மி விருதுகளில் டிஸ்கோவுக்கென ஏற்படுத்திய பரிசு 1980இல் ஒரேயொரு முறை வழங்கப்பட்டு ஒழிந்தது. இசை இறந்தது என்று பத்திரிகைகள் எழுதின. ஆயின் அது இறக்கவில்லை. எந்த நகரத்திற் கொளுத்தப்பட்டதோ அதே நகரத்தில், விளையாட்டரங்கிலிருந்து சில மைல் தொலைவிலே, அது வேறொரு வடிவத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

சிக்காகோவின் தென் ஜெபர்சன் வீதியில் 206ஆம் இலக்கத்தில் பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்று இருந்தது. 1977இல் றொபேட் வில்லியம்ஸ் என்பவர் அதில் ஓர் ஆடல் மண்டபத்தைத் திறந்தார். பண்டசாலை என்று பொருள்படும் ‘வெயர்ஹவுஸ்’ என்பது அதன் பெயராய் வழங்கிற்று. இசைத்தட்டு இயக்குவதற்கு நியூயோர்க்கிலிருந்து பிராங்கி நக்கிள்ஸ் என்னும் இளைஞரை அவர் வரவழைத்தார். வந்து கூடியவர்களிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் தன்பாலீர்ப்பினருமாவர். அங்கும் மது இல்லை. சனி இரவு தொடங்கும் ஆட்டம் ஞாயிறு நண்பகல் வரை செல்லும். சிலருக்கு அதுவே தேவாலயமாயிருந்தது.

டிஸ்கோத் தட்டுகள் வருவது அருகியபோது நக்கிள்ஸ் சோரவில்லை. பழைய பாட்டுகளை ஒலிநாடாவிற் பதிந்து, ஆடுவோர் விரும்பும் பகுதியை வெட்டி, திரும்பத் திரும்ப ஒட்டி நீட்டினார். முரசு மெலிந்த இடங்களில் தாளப்பொறியின் அடியைச் சேர்த்தார். ‘வெயர்ஹவுஸ்’ மண்டபத்திற் கேட்ட இசை வேண்டும் என்று இளைஞர் கடைகளுக்குச் சென்று கேட்கலாயினர். கேட்ட பெயர் நாளடைவிற் குறுகி ‘ஹவுஸ்’ என நின்றது என்பர். இன்று உலகெங்கும் ஹவுஸ் இசை என்று வழங்குவது அதுவே. 1984இல் ஜெசி சோண்டேர்ஸ் என்பவர் வெளியிட்ட ‘ஒன் அன்ட் ஒன்’ என்னும் தட்டை, விற்பனைக்கு வந்த முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலர் கொள்வர். அதனை அவரோடு சேர்ந்து ஆக்கியவர் வேறு யாருமல்லர். விளையாட்டரங்கில் இருக்கை காட்டி நின்ற அந்த வின்ஸ் லோறன்ஸே.

இவ்விளைஞர் கையிற் கிடைத்த கருவிகளின் கதை தனியே சொல்லத்தக்கது. யப்பானின் ஒசாக்கா நகரில் 1930இற் பிறந்த இகுதாரோ காகெஹாஷி, குழந்தைப் பருவத்திலேயே தாய் தந்தையரை இழந்தவர். போருக்குப் பின் கடிகாரம் திருத்தும் தொழிலால் வாழ்ந்தார். 1972இல் றோலண்ட் என்னும் நிறுவனத்தை நிறுவினார். அந்நிறுவனம் 1980இல் 808 என்னும் தாளப்பொறியையும், பின்னர் 303 என்னும் சிறு கருவியையும், 1983இல் 909 என்னும் தாளப்பொறியையும் வெளியிட்டது. 303 என்பது, தனியே பயிலும் கிற்றார் வாசிப்போருக்குத் தாழ்சுருதித் துணையாக அமைந்தது.

மனிதர் வாசிப்பை அப்படியே ஒத்திருக்க வேண்டும் என்ற நோக்கில் மதிப்பிட்டால் இவை தோல்வியுற்ற கருவிகள். 808 எழுப்பிய ஒலி உண்மையான முரசைப் போல இல்லை. 303 எழுப்பிய ஒலி எந்தக் கிற்றாரையும் ஒக்கவில்லை. அதனை இயக்கப் பழகுவதும் கடினம். பேரிசைஞர் இவற்றை ஏற்கவில்லை. 303இன் உற்பத்தி 1984இல் நின்றது. பழம்பொருட் கடைகளுக்கும் அடகுக் கடைகளுக்கும் இவை மலிந்து வந்தன. மலிந்ததனாலேயே பணமில்லாத இளைஞர் இவற்றை வாங்க முடிந்தது.

சிக்காகோவைச் சேர்ந்த மூன்று இளைஞர் 303 ஒன்றை வாங்கி, விளக்க நூலின்படி அதனை இயக்கத் தெரியாமல், குமிழ்களைத் திருகிப் பார்த்தனர். கருவி கீச்சிட்டது, குழைந்தது, பிளிறியது. பிழை என்று அதனை அவர்கள் நிறுத்தவில்லை. அவ்வொலியையே தாளத்தோடு சேர்த்துப் பதிந்து, றொன் ஹார்டி என்னும் டி.ஜே.யிடம் கொடுத்தனர். அவர் அதனை முதன்முதல் ஒலித்தபோது ஆடுவோர் களத்தை விட்டு அகன்றனர். அவ்விரவிலேயே மீண்டும் மீண்டும் ஒலித்தார். நான்காம் முறையிற் கூட்டம் ஆர்ப்பரித்தது என்பர். 1987இல் ‘அசிட் ட்ரக்ஸ்’ என்ற பெயரில் அது தட்டாக வெளிவந்து, புதியதோர் இசைக்கிளைக்கு வித்தாயிற்று. போலியாகச் செய்த கருவி போலி என்ற அளவிலே தோற்றது. தனக்கே உரிய குரலைப் பெற்றபோது வென்றது. மாணாக்கனைப் பிறன் ஒருவனது படியாக ஆக்க முயல்வோரும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

சிக்காகோவிலிருந்து கிழக்கே மோட்டார் வாகனத் தொழிலுக்குப் பேர்பெற்ற டெற்றோயிற் நகரம் உள்ளது. அந்நாட்களில் அங்கு தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்தன. மனிதர் செய்த வேலையை இயந்திரக் கைகள் ஏற்றுக்கொண்டிருந்தன. அந்நகரின் இரவு வானொலியில் ‘எலெக்ரிபையிங் மோஜோ’ என்ற புனைபெயர் கொண்ட ஒலிபரப்பாளர் ஒருவர் இருந்தார். கறுப்பரிசை இது, வெள்ளையரிசை இது என்ற வேலியை அவர் மதிக்கவில்லை. அமெரிக்கக் கறுப்பரின் இசைக்குப் பக்கத்தில், ஜேர்மனியின் டுசல்டோர்ப் நகரத்துக் ‘கிராப்ற்வேர்க்’ குழுவின் மின்னிசையை அவர் வைத்தார். வானொலியைக் கேட்போர் தத்தம் வீட்டு விளக்குகளை அணைத்து ஏற்றித் தாம் கேட்டுக்கொண்டிருப்பதைத் தெரிவிக்குமாறும் அவர் கூறுவதுண்டு. அவ்வொலிபரப்பைச் செவிமடுத்து வளர்ந்தவர்களே யுவான் அட்கின்ஸ், டெறிக் மே, கெவின் சோண்டர்சன் என்னும் பள்ளித் தோழர் மூவர். பெல்வில் என்னும் சிற்றூரிற் பயின்ற இவர்கள் ஆக்கிய இசை, 1988இல் இங்கிலாந்தில் வெளிவந்த தொகுப்பொன்றின் வாயிலாகத் ‘தெக்னோ’ என்று பெயர் பெற்றது. முகமறியாத ஒருவர் இரவிற் பேசிய குரல், எங்கோ ஒரு சிற்றூர்ச் சிறுவரின் உள்ளத்தில் விதையாய் விழுந்தது. வானொலியின் ஆற்றல் இத்தகையது என்பதை நேயர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

பிறந்த நாட்டில் இவ்விசை நெடுங்காலம் மதிக்கப்படவில்லை. கடல் கடந்தபின்னரே புகழ் பெற்றது. 1987 ஜனவரியில் சிக்காகோ ஹவுஸ் பாட்டொன்று இங்கிலாந்தின் முதலிடத்தைப் பிடித்தது. 1988இன் கோடையில் அந்நாட்டு இளைஞர் பண்டசாலைகளிலும் வயல்வெளிகளிலும் திரண்டு ஆடினர். இன்னார் இனியார் என்ற வேறுபாடின்றி அவர்கள் கூடியது நன்மை. அக்கூட்டங்களிற் போதை மாத்திரை பரவி, இளம் உயிர்கள் சில மாண்டது பெருந்தீமை. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1994இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்று, உரிமம் பெறாத இத்தகைய கூட்டங்களைக் கலைக்கும் அதிகாரத்தைக் காவற்றுறைக்கு அளித்தது. திரும்பத் திரும்ப வரும் அடிகளைப் பெரும்பாலும் கொண்ட ஒலி என்று அச்சட்டம் இவ்விசைக்கு வரைவிலக்கணமும் கூறிற்று. சட்டத்தில் தாளத்திற்கு இலக்கணம் வகுத்தது விந்தையே.

பேர்ளினின் கதை வேறு. 1989 நவம்பரில் மதில் வீழ்ந்தது. கிழக்குப் பகுதியில் உரிமையாளர் இன்னார் என்று தெரியாத கட்டடங்கள் வெறுமையாய்க் கிடந்தன. முன்னாட் பெருங்கடையொன்றின் நிலத்தடிக் காப்பறையில் 1991 மார்ச்சில் ‘ற்றேசோர்’ என்னும் ஆடல் மண்டபம் திறக்கப்பட்டது. நேற்றுவரை மதிலின் இருபுறமும் நின்ற இளைஞர், டெற்றோயிற்றின் இசைக்கு ஒருங்கே ஆடினர். 2024இல் பேர்ளினின் தெக்னோப் பண்பாடு ஜேர்மனியின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

இவ்வரலாற்றில் நம் அயல்நாட்டுக் கலைஞர் ஒருவருக்கும் இடமுண்டு. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்து வாழ்ந்த சரண்ஜித் சிங் என்பவர், அதே 808, 303 ஆகிய கருவிகளைக் கொண்டு, டிஸ்கோத் தாளத்தில் பத்து இந்துஸ்தானி இராகங்களை வாசித்து 1982இல் ஒரு தட்டை வெளியிட்டார். பைரவ், யமன், பூபாளி, மால்கௌன்ஸ் முதலியன அவற்றுட் சில. கர்நாடக இசை பயின்றோர் இவற்றை முறையே மாயாமாளவகௌளை, கல்யாணி, மோகனம், இந்தோளம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுக் கேட்கலாம். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் 303இன் இயல்பு, இராகத்தின் குழைவுக்கு வியக்கத்தக்க வகையிற் பொருந்திற்று. சிக்காகோ இளைஞரின் தட்டு வெளிவருவதற்கு ஐந்தாண்டு முன்னரே இது நிகழ்ந்தது. ஒருவரை மற்றவர் அறியார். தட்டு விலைபோகவில்லை. 2010இல் அது மறுபதிப்புப் பெற்றபோது உலகம் வியந்தது. முதுமையில் அவர் ஐரோப்பிய மேடைகளில் அதனை வாசித்து, 2015இல் மறைந்தார்.

இயந்திரம் போடும் இரைச்சல் என்ற குற்றச்சாட்டை இனி நோக்கலாம். இவ்வச்சம் புதிதன்று, பொருளற்றதுமன்று. 1982இல் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் லண்டன் மத்திய கிளை, ஒலித்தொகுப்பிகளையும் தாளப்பொறிகளையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வந்தது. வயலின் வாசித்து வாழ்ந்தவன் வேலை இழந்ததும் உண்மை. ஆயினும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். திரும்பத் திரும்ப ஒலிப்பதனாலேயே ஒன்று இசையன்று என்று தள்ளினால், கச்சேரி முழுதும் ஒரே சுருதியை மீட்டும் தம்புராவையும் தள்ள நேரிடும். மாறாத ஒன்று பின்னே நிற்பதனாலேயே மாறுவது சுவைக்கிறது. இயந்திரம் அடியைப் போடும். எந்த அடி, எவ்வளவு நேரம், எப்போது நிறுத்துவது என்று தேர்ந்தவன் மனிதன். மூனிச்சில் முரசை மிதித்த காலும், சிக்காகோவில் நாடாவை வெட்டிய கையும் இன்றி இவ்விசை பிறந்திராது.

செல்வர் கண்ட புதுமை என்ற இரண்டாம் எண்ணம் முற்றும் பிழை. வாடகை வீடும், பாழடைந்த தொழிற்சாலையும், அடகுக் கடைக் கருவியுமே இதன் முதல். செல்வம் பின்னர் வந்தது. வந்தபோது விதைத்தவர் கைக்கு அது பெரும்பாலும் சேரவில்லை. 2010ஆம் ஆண்டுகளில் பெருந்திடல்களில் ஆடுவித்த டி.ஜே.க்கள் பெருஞ்செல்வராயினர். முன்னோடிகள் பலரோ சொற்ப பணத்திற்குத் தம் உரிமைகளை எழுதிக் கொடுத்தவர்கள். எயிட்ஸ் நோய்க்கு இரையாகி இளமையில் மறைந்தோரும் பலர். சிக்காகோ முன்னோடிகளாகிய லரி ஹேர்ட், றொபேட் ஓவன்ஸ் என்னும் இருவர், முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தம் பாட்டுகளின் உரிமைக்காக 2020இல் வழக்குத் தொடுத்து, 2022இல் இணக்கத்தின் வழியே அவற்றை மீளப் பெற்றனர். காலந் தாழ்த்தினும் நீதி நீதியே. ஆயின் அது வரும்வரை உயிரோடிருக்கும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

சிக்காகோ நகரம் 2004இல் அப்பழைய மண்டபம் நின்ற வீதியின் ஒரு பகுதிக்குப் பிராங்கி நக்கிள்ஸின் பெயரைச் சூட்டியது. அவர் 2014இல் மறைந்தார். 2023இல் அக்கட்டடம் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. டிஸ்கோத் தட்டுகளைக் கொளுத்திய கொமிஸ்கி அரங்கோ 1991இல் இடிக்கப்பட்டு, வாகனங்கள் நிறுத்தும் வெளியாயிற்று. ஒதுக்கப்பட்டோர் ஆடிய பண்டசாலை காக்கப்படுகிறது. அவர்களது இசையை எரித்த பேரரங்கு மறைந்துவிட்டது.

ஓர் இசையை விரும்புவதும் விரும்பாமையும் அவரவர் செவியின் உரிமை. பிள்ளைகள் இவ்விசையைக் கேட்கும்போது, ஒலியைச் சற்றுக் குறைக்கச் சொல்வதும் பெற்றோரின் உரிமையே. ஆயின், இது யாருடைய இசை, எத்தகைய இன்னலின் நடுவே பிறந்தது என்று ஒருமுறை கேட்டறிந்த பின்னர் தீர்ப்புக் கூறுவதே அறிவுடைமை. கேளாமலே கொளுத்தப்பட்ட தட்டுகளின் சாம்பல் அன்றே காற்றிற் போயிற்று. அவற்றிற் பதிந்திருந்த அடி இன்னும் ஓயவில்லை.